மோட்டார் சைக்கிளின் முன் ஃபோர்க்கைக் காப்போம்

பத்தாம் வகுப்பு மாணவி

முன்னுரை

காந்தி ரோட்டிலோ ராஜ வீதியிலோ ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். நம் முன்னே கடந்து செல்லும் வண்டிகளில் பெரும்பாலானவை இருசக்கர வண்டிகளே. பிள்ளையார்பாளையத்து நெசவாளர் பட்டுநூல் கட்டையும் சுருட்டிய பாவையும் அதில்தான் கொண்டு செல்கிறார். பால்காரர், தபால்காரர், பள்ளிக்குப் பிள்ளைகளை விடும் பெற்றோர் எனப் பலரும் அதையே நம்பியிருக்கின்றனர். நம்மில் பலர் காலையில் பள்ளிக்கு வருவதும் தந்தையின் பின்னால் அமர்ந்துதான்.

இத்தனை பேரைச் சுமக்கும் வண்டியில் எஞ்சினைப் பற்றி அனைவரும் பேசுவர். டயரைப் பற்றியும் பேசுவர். ஆனால் முன் சக்கரத்தை இருபுறமும் பிடித்துக்கொண்டிருக்கும் இரண்டு குழாய்களைப் பற்றிப் பேசுவோர் சிலரே. அவற்றையே ஃபோர்க் என்கிறோம். என் மாமா நம் ஊரில் மெக்கானிக் கடை வைத்திருக்கிறார். மழைக்காலம் முடிந்ததும் அவர் கடைக்கு வரும் வண்டிகளில் பலவற்றுக்கு ஒரே நோய்தான்: ஃபோர்க்கிலிருந்து எண்ணெய் ஒழுகுதல். அந்நோய் ஏன் வருகிறது, அதனால் விளையும் ஆபத்து யாது, அதைத் தடுப்பது எவ்வாறு என்பனவற்றை இக்கட்டுரையில் காண்போம். இது ஆண்களுக்கு மட்டும் உரிய செய்தி என்று எண்ண வேண்டாம். இக்காலத்தில் நம் அன்னையர் ஓட்டும் ஸ்கூட்டர்கள் பலவற்றிலும் இதே வகை ஃபோர்க்தான் இருக்கிறது.

ஃபோர்க் என்பது யாது?

தொலைநோக்கியின் குழாய்கள் ஒன்றினுள் ஒன்று நுழைந்து நீளவும் குறுகவும் செய்வதை நாம் அறிவோம். ஃபோர்க்கும் அவ்வாறே அமைந்தது. ஆகவே அதை ‘டெலஸ்கோப்பிக் ஃபோர்க்’ என்கின்றனர். ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு குழாய்கள் உண்டு. மேலே ஹாண்டில்பாருடன் இணைந்திருப்பது உட்குழாய். இது குரோமியம் பூசப்பட்டுக் கண்ணாடிபோல் பளபளப்பாக இருக்கும். கீழே சக்கரத்தின் அச்சைத் தாங்கியிருப்பது வெளிக்குழாய். உள்ளே ஒரு நீண்ட ஸ்பிரிங்கும் அளவாக ஊற்றப்பட்ட எண்ணெயும் இருக்கும்.

சக்கரம் பள்ளத்தில் விழுந்து எழும்போது வெளிக்குழாய் மேலேறும். ஸ்பிரிங் அமுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். ஸ்பிரிங் மட்டும் இருந்தால் வண்டி பந்துபோல் துள்ளிக்கொண்டே இருக்கும். இங்கேதான் எண்ணெய் உதவுகிறது. அது சிறு துளைகள் வழியே பிதுங்கிச் செல்ல வேண்டியிருப்பதால் அசைவின் வேகம் குறைகிறது. துள்ளலின் ஆற்றல் வெப்பமாக மாறிவிடுகிறது. ஆற்றல் அழியாது, உருமாறும் என்று நம் இயற்பியல் பாடத்தில் படித்ததை இங்கு நினைவு கூரலாம்.

சிறிது வரலாறு

இரண்டாம் உலகப் போருக்கு முன் பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் இரும்புச் சட்டங்களால் ஆன ‘கர்டர்’ ஃபோர்க்கே இருந்தது. ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ நிறுவனம் 1935-ஆம் ஆண்டு ஆர்-12 என்ற வண்டியில் எண்ணெயால் துள்ளலை அடக்கும் டெலஸ்கோப்பிக் ஃபோர்க்கைப் பொருத்தியது. போருக்குப் பின் உலகெங்கும் இம்முறை பரவியது.

நம் தமிழகத்திற்கும் இதில் பெருமைமிக்க இடம் உண்டு. 1955-இல் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. திருவொற்றியூர்த் தொழிற்சாலையிலிருந்து புல்லட் வண்டிகள் வெளிவந்தன. நம் இராணுவத்தினர் அவற்றைப் பாலைவனத்திலும் மலைப்பாதையிலும் ஓட்டினர். இன்று அந்நிறுவனத்தின் ஆலைகள் ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் உள்ளன. முன்னது 2013-லும் பின்னது 2017-லும் தொடங்கியவை. இரண்டுமே நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் அமைந்திருப்பது நமக்கு மகிழ்ச்சி தருவதாகும்.

பழைய புல்லட்டுகளைப் பார்த்தால் ஃபோர்க்கின் மேற்பகுதியில் உலோக உறை மூடியிருப்பதைக் காணலாம். அது அழகுக்காக மட்டும் வைத்ததன்று. பளபளக்கும் உட்குழாயைத் தூசியும் நீரும் கல்லும் தீண்டாதிருக்க வைத்த கவசமே அது. 2016-இல் வந்த ஹிமாலயன் வண்டியிலும், 2018-இல் வந்த இன்டர்செப்டர் 650 வண்டியிலும் மடிப்பு மடிப்பான கருநிற ரப்பர் உறையைப் பொருத்தினர். ஆர்மோனியத்தின் துருத்தியைப்போல் அது விரிந்து சுருங்கும். இதைச் சிலர் ‘ஃபோர்க் பூட்’ என்றும் சிலர் ‘கெய்ட்டர்’ என்றும் கூறுவர்.

இரண்டு வாயிற்காவலர்

நம் ஊர்க் கோயில்களின் வாயிலில் இருபுறமும் துவாரபாலகர் நிற்பதைப் பார்த்திருக்கிறோம். ஃபோர்க்கின் வாயிலிலும் இரண்டு காவலர் உள்ளனர். ஆனால் இவர்கள் பக்கத்தில் பக்கமாக நில்லாமல் ஒருவர்மேல் ஒருவராக நிற்கின்றனர்.

மேலே இருப்பது ‘டஸ்ட் சீல்’. உட்குழாய் ஒவ்வொரு முறை உள்ளே இறங்கும்போதும் அதன்மேல் ஒட்டியிருக்கும் தூசியை இது வழித்து வெளியே தள்ளுகிறது. அதற்குக் கீழே இருப்பது ‘ஆயில் சீல்’. இது ரப்பரால் ஆன வளையம். இதன் மெல்லிய உதடு குழாயைச் சுற்றிலும் இறுகத் தழுவியிருக்கும். உதடு தளராதிருக்க அதன்மேல் ஒரு சிறு சுருள் கம்பி வளையமும் இருக்கும். உள்ளிருக்கும் எண்ணெயை வெளியே விடாமல் தடுப்பது இதுவே.

ஒரு வண்டி ஓடும்போது உட்குழாய் இந்த உதட்டினூடே ஒரு நாளில் பல்லாயிரம் முறை ஏறி இறங்குகிறது. உதடு மென்மையானது, குழாய் வழவழப்பானது. இவ்விரண்டின் இடையே மணல் துகள் ஒன்று புகுந்துவிட்டால் என்ன ஆகும்? தறியில் பட்டுப் பாவின் ஊடே சொரசொரப்பான சிராய் ஒன்று சிக்கினால் இழைகள் அறுபடுவதைப்போல், சீலின் உதடு கீறப்படுகிறது. கீறல் மயிரிழை அளவே இருந்தாலும் எண்ணெய்க்கு அது போதிய வழியாகும்.

நீரும் தூசியும் வருவது எங்கிருந்து?

முதலாவது, நம் வண்டியின் முன் சக்கரமே. சுழலும் சக்கரத்தில் ஒட்டிய சேறு தொடுகோட்டுத் திசையில் தெறிக்கும். மட்கார்டு அதில் பெரும்பகுதியைத் தடுக்கிறது. அதன் ஓரங்களின் வழியே தப்பும் துளிகளை எதிர்க்காற்று பின்னே தள்ள, அவை ஃபோர்க் குழாயில் வந்து படிகின்றன. அழகுக்காக மட்கார்டை அறுத்துக் குட்டையாக்கும் இளைஞர்கள் இதனை உணர வேண்டும்.

இரண்டாவது, முன்னால் செல்லும் வண்டி. நம் மாவட்டத்தில் கல் குவாரிகள் பல உண்டு. ஜல்லியும் தூள்மணலும் ஏற்றிய லாரியின் பின்னே சென்றால் சிறு கற்கள் தெறித்துக் குழாயின்மேல் படும். கல் பட்ட இடத்தில் குரோமியம் ஊசிமுனை அளவு பெயர்ந்துவிடும். அவ்விடத்தில் நீர் இறங்கி உள்ளிருக்கும் எஃகைத் துருப்பிடிக்கச் செய்யும். துருவின் கூரிய விளிம்பு அரம்போலாகி, புதிய சீலைப் போட்டாலும் சில நாட்களில் அதனையும் அறுத்துவிடும்.

மூன்றாவது, வாட்டர் சர்வீஸ் செய்யுமிடத்தில் பீய்ச்சும் நீர். மழைநீரைத் தடுக்கவே டஸ்ட் சீல் படைக்கப்பட்டது. மிகுந்த அழுத்தத்தில் நேராகப் பாயும் நீரை அதனால் தடுக்க இயலாது. அந்நீர் இரண்டு சீல்களுக்கும் இடையே தங்கி, அங்குள்ள கம்பி வளையத்தைத் துருப்பிடிக்கச் செய்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

விளையும் தீமைகள்

தண்ணீர் உள்ளே சென்றுவிட்டால் எண்ணெய் பால் கலந்த காப்பியின் நிறம் பெறும். அவ்வெண்ணெய் வழுக்கும் தன்மையை இழக்கும். ஸ்பிரிங்கும் உள்ளிருக்கும் புஷ்களும் தேயும். எண்ணெய் வெளியே சென்றுவிட்டாலோ துள்ளலை அடக்க ஆளில்லை. பள்ளத்தில் விழுந்ததும் ‘டக்’ என்ற ஓசை கேட்கும். சக்கரம் சாலையைப் பற்றாமல் துள்ளும். வளைவில் வண்டி சொன்ன சொல் கேளாது.

இவற்றினும் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. இக்காலத்து வண்டிகள் பலவற்றில் முன் சக்கரத்திற்கு டிஸ்க் பிரேக் இருக்கிறது. அதன் பிடிப்பான் ஃபோர்க்கின் கீழ்ப்பகுதியிலேயே பொருத்தப்பட்டுள்ளது. சீலிலிருந்து ஒழுகும் எண்ணெய் ஃபோர்க்கின் வழியே வழிந்து அந்தத் தட்டிலும் பிரேக் பேடிலும் படிந்தால் உராய்வு குறைந்துவிடும். உராய்வே இல்லையேல் பிரேக் ஏது? மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் ஏறத்தாழ 11 மீட்டர் தூரம் செல்லும். பிரேக் ஒரே ஒரு விநாடி தாமதமாகப் பிடித்தாலும், நம் வகுப்பறையின் நீளத்தைவிட அதிகத் தூரம் வண்டி ஓடிவிடுகிறது.

எங்கள் தெருவில் ஒரு நெசவாளர் இருக்கிறார். கோர்வைப் புடவை நெய்வதில் கைதேர்ந்தவர். சென்ற ஆண்டு ஐப்பசி மாதத்தில் அவருடைய வண்டியின் ஃபோர்க்கில் எண்ணெய் கசிந்துகொண்டிருந்தது. தீபாவளி நேரத்து வேலை மிகுதியால், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று துணியால் துடைத்துத் துடைத்து ஓட்டினார். ஒருநாள் மாலை தூறலில் அய்யம்பேட்டையிலிருந்து திரும்பும்போது குறுக்கே ஒரு கன்றுக்குட்டி ஓடிவந்தது. முன் பிரேக் பிடிக்கவில்லை. கன்று பிழைத்தது, அவர் விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்தது. இரண்டு மாதங்கள் குழித்தறியில் அமர முடியவில்லை. உடலையும் கரையையும் தனித்தனி நாடாவால் கோத்து நெய்யும் கோர்வை வேலைக்குத் துணையாள் ஒருவர் வேண்டும். தறி நின்றதால் அந்தத் துணையாளுக்கும் கூலி நின்றது. ஒரு வளையம் ரப்பர் மாற்றச் சில நூறு ரூபாயே ஆகியிருக்கும். இரண்டு குடும்பங்கள் பட்ட துன்பத்தை அத்தொகையுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். இக்கட்டுரையை எழுத என்னைத் தூண்டியது இந்நிகழ்ச்சியே.

காக்கும் கவசங்கள்

ரப்பர் பூட்: எல்லாக் கவசங்களிலும் சிறந்தது இதுவே. உட்குழாய் முழுவதையும் மூடிவிடுவதால் கல்லும் சேறும் அதைத் தொடா. ஆனால் பொருத்தும்போது சிலவற்றைக் கவனிக்க வேண்டும். ஃபோர்க் முழுவதும் நீண்டிருக்கும்போது பூட் இழுபடக் கூடாது. முழுவதும் அமுங்கும்போது மடிப்புகள் ஒன்றின்மேல் ஒன்று நெரியக் கூடாது. வாங்குமுன் இவ்விரண்டு நீளங்களையும் குழாய்களின் குறுக்களவையும் அளந்துகொள்ள வேண்டும். பொருத்தியபின் ஹாண்டில்பாரை இருபுறமும் முழுவதும் திருப்பி, கேபிள்கள் சிக்கவில்லை என்று பார்க்க வேண்டும்.

பூட்டில் சிறு துளைகள் இருக்கும். இவை எதற்கு என்று வியக்கலாம். ஃபோர்க் அமுங்கும்போது உள்ளிருக்கும் காற்று வெளியேறவும், நீளும்போது திரும்ப வரவும் வழி வேண்டும். துளை இல்லையேல் பூட் பலூன்போல் உப்பும். இல்லாவிடில் ஓரத்தின் வழியே நீரை உறிஞ்சும். துளைகள் பின்புறம் நோக்கி இருக்குமாறு பொருத்தினால் முன்னிருந்து தெறிக்கும் நீர் அவற்றுள் புகாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பூட் குழாயைக் காப்பதுடன் அதை நம் கண்ணிலிருந்து மறைத்தும் விடுகிறது. உள்ளே நீர் தங்கித் துருப்பிடித்தாலும், சீல் கசிந்தாலும் நாம் அறியோம். ஆகவே இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை கீழ்க் கட்டைத் தளர்த்திப் பூட்டை மேலே தூக்கிப் பார்த்துத் துடைக்க வேண்டும். வெயிலில் வெடித்த பூட்டை உடனே மாற்ற வேண்டும். வெடித்த பூட் சேற்றை உள்ளே வாங்கிச் சேர்த்து வைக்கும்.

நியோப்ரீன் உறை: 1930-இல் கண்டுபிடிக்கப்பட்ட செயற்கை ரப்பர் நியோப்ரீன். கடலில் மூழ்குவோர் உடை தைக்கும் இப்பொருளால் ஆன குட்டை உறைகளைச் சீலின்மேல் சுற்றிக் கட்டுவோர் உண்டு. இது எளிது, ஃபோர்க்கைக் கழற்ற வேண்டியதில்லை. ஆனால் ஈரமும் நுண்மணலும் இதனுள் ஊறி நின்றால் உப்புத்தாள்போல் குழாயைத் தேய்க்கும். சேற்றில் ஓட்டிய அன்றே கழற்றித் துவைத்து உலர்த்துவோர்க்கு மட்டுமே இது பயன்படும். பழைய சாக்ஸையோ கந்தல் துணியையோ சுற்றி வைப்பதும் இக்காரணத்தால் தவறாகும்.

தலைகீழ் ஃபோர்க்கின் காப்பு: சில புதிய வண்டிகளில் ஃபோர்க் தலைகீழாக இருக்கிறது. 2023-இல் வந்த ஹிமாலயன் 450 இதற்கோர் எடுத்துக்காட்டு. இதில் பளபளக்கும் குழாய் கீழே, சக்கரத்தின் அருகிலேயே உள்ளது. சீல் அதற்கு மேலே உள்ளது. ஆகவே கல்லடி படும் வாய்ப்பு அதிகம். சீல் கெட்டால் புவியீர்ப்பினால் எண்ணெய் விரைவாக ஒழுகிவிடும். இத்தகைய வண்டிகளில் குழாயின் முன்னே பிளாஸ்டிக் காப்புத் தகடு பொருத்துகின்றனர். அது உடைந்தால் அலட்சியம் செய்யாமல் மாற்ற வேண்டும்.

வீட்டிலேயே செய்யத்தக்கவை

வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் செலவிட்டால் போதும்.

1. குழாயில் காய்ந்த சேறு இருந்தால் முதலில் நீர் தெளித்து ஊறவிட வேண்டும். உலர்ந்த சேற்றை அப்படியே துடைத்தால் குழாய் கீறும்.

2. பின்பு மென்மையான பருத்தித் துணியால் மேலிருந்து கீழாகவும் சுற்றிலும் துடைக்க வேண்டும். பெட்ரோல், மண்ணெண்ணெய் இவற்றால் சீலைத் துடைக்கலாகாது. அவை ரப்பரைக் கெடுக்கும்.

3. நகத்தின் நுனியால் குழாயை மேலும் கீழும் தடவிப் பார்க்க வேண்டும். எங்கேனும் நகம் சிக்கினால் அங்கே குரோமியம் பெயர்ந்துள்ளது என்று அறிக. மெக்கானிக்கிடம் காட்டினால் நுண்ணிய உப்புத்தாளால் விளிம்பை மழுங்கச் செய்வார். துரு ஆழமாயின் குழாயையே மாற்ற நேரும்.

4. முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹாண்டில்பாரை நான்கைந்து முறை அழுத்தி விட வேண்டும். குழாயில் மெல்லிய ஈரப்பசை மட்டும் தெரிந்தால் அஞ்ச வேண்டாம். எண்ணெய் வளையமாகத் திரண்டாலோ சொட்டினாலோ சீல் கெட்டுவிட்டது என்பது பொருள்.

5. வாட்டர் சர்வீஸ் கடையில், சீலின்மேல் நேராக நீர் பீய்ச்ச வேண்டாம் என்று பணிவுடன் சொல்ல வேண்டும்.

சில சமயம் சீல் கிழிந்திராமல், உதட்டின் கீழ் ஒரு மணல் துகள் சிக்கியிருப்பதாலேயே எண்ணெய் கசியும். அப்போது மாமா டஸ்ட் சீலை மெல்ல மேலே நகர்த்தி, பழைய எக்ஸ்ரே படத்திலிருந்து வெட்டிய பட்டையைச் சீலுக்கும் குழாய்க்கும் இடையே நுழைத்து ஒரு சுற்றுச் சுற்றி எடுப்பார். துகள் படத்தோடு வந்துவிடும், கசிவும் நின்றுவிடும். முற்காலத்தில் போட்டோ ஸ்டுடியோவின் நெகட்டிவ் இதற்குப் பயன்பட்டதாம். கத்தியோ தகரமோ கொண்டு இதனைச் செய்யலாகாது.

பிரேக் பேடில் எண்ணெய் ஊறிவிட்டால் துடைத்துப் பயனில்லை. சீலை மாற்றும்போதே பேடையும் மாற்றி, தட்டைச் சுத்தம் செய்ய வேண்டும். ஒரு பக்கச் சீல் மட்டும் கெட்டிருந்தாலும் இரண்டையும் சேர்த்து மாற்றி, இரு பக்கமும் சம அளவில் கையேட்டில் குறித்த எண்ணெயை ஊற்றுவதே முறை.

மழையும் வெள்ளமும்

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம் பகுதியில் பெய்கிறது. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில், அப்போது நம் மாவட்டத்தில் இருந்த தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியதை மூத்தோர் இன்றும் சொல்வர். எண்ணற்ற வண்டிகள் அன்று நீரில் மூழ்கின. மூழ்கிய வண்டியின் எஞ்சின் எண்ணெயை மாற்றச் சொல்லாத மெக்கானிக் இல்லை. ஃபோர்க் எண்ணெயையும் மாற்ற வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். சக்கரம் மூழ்கும் அளவு நீரில் வண்டி நின்றிருந்தால் ஃபோர்க்கைத் திறந்து எண்ணெயின் நிறத்தைப் பார்ப்பது அவசியம். ஓடும் வெள்ளத்தில் வண்டியை இறக்காதிருப்பது எல்லாவற்றிலும் மேலான பாதுகாப்பாகும். வண்டியை வாங்கலாம், உயிரை வாங்க முடியாது.

முடிவுரை

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது நம் முன்னோர் கண்ட பழமொழி. நெய்த பட்டின்மேல் தூசி படாதிருக்க வெள்ளைத் துணி போர்த்தும் நம் நெசவாளருக்கு இதனைச் சொல்லித் தர வேண்டியதில்லை. அதே அக்கறையைத் தம் வண்டியின்மீதும் அவர்கள் காட்ட வேண்டும் என்பதே என் வேண்டுகோள். ஒவ்வொரு காலையும் நாம் வீட்டைவிட்டுப் புறப்படுகையில் காவல் தூதரை வேண்டிக்கொள்கிறோம். இறைவன் நமக்குக் கண்ணையும் கையையும் அறிவையும் தந்திருக்கிறார். அவற்றையும் நாம் பயன்படுத்த வேண்டும் அன்றோ? தோழியரே, இந்த ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்து வீடு திரும்பியதும் உங்கள் தந்தையின் வண்டி அருகே சென்று, அந்த இரண்டு குழாய்களையும் ஒருமுறை உற்றுப் பாருங்கள். எண்ணெய் வளையம் தெரிந்தால், “அப்பா, நாளைக்கே மெக்கானிக்கிடம் காட்டுங்கள்” என்று சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் அவர் கேட்பார்.